சென் அண்ணனின் ஊர்

சீனச் சங்கத்துப் பெரியவர் தூரிகையை மையில் தோய்த்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற யிங்கும் என்னைத்தான் பார்த்தாள். மேசையில் நீளமான வெள்ளைத்தாள் ஒன்று விரித்துக் கிடந்தது. அதன் நடுவில் சென் அண்ணனின் பெயர் மூன்று சீன எழுத்துகளில் எழுதியாகிவிட்டது. பெயருக்கு மேலே கொஞ்ச இடம் வெறுமையாக இருந்தது. அந்த இடத்தில் என்ன வரவேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டும்.

மொன்றியல் சீனத் தெருவில், ஒரு வெதுப்பகத்துக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கிறது அந்தச் சங்கம். தென்சீனாவின் ஒரு மாவட்டத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன்னால் இங்கே வந்தவர்களின் ஊர்ச் சங்கம். படியேறும்போதே கீழே வேகும் பன்னின் மணமும் மேலே புகையும் ஊதுவத்தியின் மணமும் கலந்து வரும். சுவரில் பழைய தலைவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊர் ஒன்றியத்துக்குச் சொந்தமாக ஒரு சுவர் இருந்திருந்தால் எங்கள் தலைவர்களும் அப்படித்தான் முறைத்துக்கொண்டு தொங்கியிருப்பார்கள்.

சென் அண்ணன் இறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. காலையில் தேநீர் ஊற்றி வைத்துவிட்டு, நாற்காலியில் இருந்தபடியே போய்விட்டார். யிங் அவருடைய ஒரே மகள். மூன்று வயதில் மொன்றியலுக்கு வந்தவள். குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை. பேச்சு முழுக்கப் பிரெஞ்சு. சீன எழுத்து ஒன்றுகூட வாசிக்கத் தெரியாது. தாய் முன்னரே இறந்து, அஸ்தியைச் சித்தி ஷாங்காய்க்கு எடுத்துப் போனார். அந்தச் சித்தியும் இப்போது இல்லை.

சென் அண்ணன் அந்தச் சங்கத்து ஆள் இல்லை. அவர்கள் பேசும் சீனம் வேறு, இவர் பேசும் சீனம் வேறு. ஆனாலும் பெரியவர் மயானத்தில் தங்கள் சங்கத்து நிலத்தில் ஓர் இடம் தர ஒப்புக்கொண்டார். வேற்றூர்ச் சீனருக்கென்று அங்கே ஒரு வரிசை இருக்கிறதாம். ஒரே ஒரு ஒழுங்கு: பெயர்த்தாளிலும் பின்னர் கல்லிலும் இறந்தவரின் ஊரை எழுதவேண்டும்.

யிங் தகப்பனின் கடவுச்சீட்டைக் காட்டினாள். பிறந்த இடம் ஷாங்காய். போதாது என்று பெரியவர் தலையை ஆட்டினார். பெரியவர் முப்பது வருடம் மூலைக்கடை நடத்தியவர். இந்த ஊர்க்காரர் 'டெப்பனர்' என்று சொல்லும் கடை. அதனால் அவருக்குப் பிரெஞ்சு நன்றாக வந்தது. ஷாங்காய் பிழைக்கப் போகிற இடம், அங்கே இருக்கிற எல்லாரும் எங்கிருந்தோ போனவர்கள், இவருடைய ஊர் எது என்று பொறுமையாகக் கேட்டார். ஊர் எழுதாத கல்லை யார் தேடி வருவார்கள் என்றும் கேட்டார்.

யிங்குக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவை ஊரில்லாத ஆளாக அனுப்பிவிடுவேனோ என்பதுதான் அவளுடைய பயம். என் கையைப் பிடித்து, "மொனோங்க், உங்களிடம் அவர் சொல்லியிருப்பாரே" என்றாள். 'மொனோங்க்' என்றால் கியூபெக் வாய்மொழியில் மாமா. சின்ன வயதிலிருந்தே என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

எனக்குத் தெரியும் என்றேன். "சாவ்சிங்."

பெரியவரின் தூரிகை இரண்டு எழுத்துகளை இறக்கியது. எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. ஒரு சீனரின் ஊரைச் சீனச் சங்கத்துக்கே எடுத்துச் சொன்ன மட்டக்களப்பான் இந்த நகரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் கேட்ட கேள்வி

புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் நாங்கள் இருவரும் இருபத்தொரு வருடம் பெட்டி கட்டினோம். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மதிய இடைவேளையில், சாப்பாட்டறை மூலையில் தனியாக இருந்தார். போய் எதிரே அமர்ந்தேன். பெயர் கேட்டேன். அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எந்த ஊர் என்றேன்.

சீனா என்றார். அது நாடு, ஊர் எது என்றேன். ஷாங்காய் என்றார். பெரிய பட்டினமாயிற்றே, அதற்கு முதல் எங்கே என்று கேட்டேன். இது நாகரிகமான கேள்வி இல்லை என்று எனக்கும் தெரியும். இந்த நாட்டில் பிறந்தவர்களிடம் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆனால் நாங்கள் ஊரைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு ஆளோடு சோறு தின்ன மாட்டோம். தொண்டைக்குள் இறங்காது.

சென் அண்ணன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கனடாவுக்கு வந்து இத்தனை வருடத்தில் ஒருவரும் தன்னிடம் மூன்றாம் தரம் கேட்டதில்லை என்றார். தங்கள் நாட்டில் அதுதான் முதல் கேள்வியாம். வீடு வாடகைக்குக் கேட்டாலும் வேலை கேட்டாலும் பெண் கேட்டாலும் அதுதானாம்.

அன்று தொடங்கிய கதை. நான் அவரை அண்ணன் என்றேன். அர்த்தம் சொன்ன பிறகு, தானும் என்னை அண்ணன் என்றே கூப்பிட ஆரம்பித்தார். வயதில் இளையவனை அப்படிச் சொல்லக்கூடாது என்று பல தரம் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். இருவருக்கும் பிரெஞ்சு அரைகுறை. ஆனால் இரண்டு அரைகுறைகள் எதிர் எதிரே இருந்தால் வெட்கம் இல்லாமல் எதையும் கதைக்கலாம்.

பெட்டிகள் காத்திருந்த வீடு

அவர் சொன்ன கதைகளில் என் மனதை விட்டுப் போகாத ஒன்று உண்டு. அவருடைய தாத்தா தையல்காரர். நிங்போ என்ற கடற்கரைப் பட்டினத்திலிருந்து ஷாங்காய்க்குப் பிழைக்கப் போனவர். வெள்ளைக்காரருக்கு மேற்சட்டை தைப்பதில் நிங்போக்காரர் கெட்டிக்காரர்களாம். இறங்கிய அன்றே தன் ஊர்ச் சங்கத்தைத் தேடிப் போனார். அவர்கள் படுக்க இடம் பார்த்துக் கொடுத்தார்கள், ஊர்க்காரரின் தையற்கடையில் சேர்த்துவிட்டார்கள், நோய் வந்தபோது மருந்து கொடுத்தார்கள். இறந்தபோது சவப்பெட்டியும் கொடுத்தார்கள்.

அந்தப் பெட்டியை ஷாங்காயில் புதைக்கவில்லை. சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு வீடு இருந்தது. ஊருக்குத் திரும்பவேண்டிய பெட்டிகளை அங்கே வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் பெயரும் கிராமமும் எழுதி ஒட்டி வைப்பார்கள். ஊருக்குக் கப்பல் போகும்போது ஏற்றி அனுப்புவார்கள். தாத்தாவின் முறை வருவதற்குள் யுத்தம் வந்துவிட்டது. கப்பல் இல்லை. பெட்டி வருடக்கணக்காகக் காத்திருந்தது.

சென் அண்ணனின் தகப்பன் அப்போது சிறுபிள்ளை. வருடத்தில் ஒருநாள், இறந்தவர்களுக்குப் படையல் வைக்கும் நாளில், அந்த வீட்டுக்குக் கூட்டிப் போவார்களாம். பெட்டியில் ஒட்டியிருந்த ஊர்ப்பெயர்தான் அந்தப் பிள்ளை முதன்முதலில் வாசிக்கப் பழகிய எழுத்து. கடைசியில் ஒருநாள் பெட்டி கப்பலேறியது.

பிறகு அரசாங்கம் மாறியது. சங்கங்களை மூடிவிட்டார்கள். ஆனால் பள்ளிக்கூடப் படிவத்தில் ஊர் என்ற ஓர் இடம் மட்டும் அப்படியே இருந்ததாம். சென் அண்ணன் ஷாங்காயில் பிறந்து ஷாங்காயில் வளர்ந்து, படிவத்தில் நிங்போ என்று எழுதினார். பெரியவனானபின் ஒரே ஒரு தரம் அங்கே போய்ப் பார்த்தார். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. ஒரு தெருவில் நின்று தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டாராம்.

இதையெல்லாம் அவர் சாதாரணமாகச் சொன்னார். சாவ்சிங்கைப் பற்றிச் சொல்லும்போது அப்படி இல்லை. அது தாயின் ஊர். பள்ளிக்கூட விடுமுறைக்குத் தாய்மாமன் வீட்டுக்குப் போவார். வாசலிலேயே வாய்க்கால். மாமன் தோணிக்காரர். கையில் ஒரு சின்னத் துடுப்பு, காலால் பெரிய துடுப்பு. படுத்த மாதிரிச் சாய்ந்துகொண்டு காலால் தோணி வலிப்பாராம். வாவிக்கரையில் பிறந்த நான் அதை நம்பவில்லை. சென் அண்ணன் கதிரையைச் சரித்து, சப்பாத்தோடு காலைத் தூக்கி, சாப்பாட்டறையில் எல்லாரும் பார்க்க வலித்துக் காட்டினார். நான் சிரித்த சிரிப்பில் மேற்பார்வையாளர் வந்து எட்டிப் பார்த்தார்.

அறிவித்தல் எழுதுகிறவன்

என் பிழை எப்படி நடந்தது என்று விளங்க, என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும்.

மொன்றியலில் யாழ்ப்பாணத்து ஊர்களுக்குச் சங்கம் நிறைய. ஊருக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, சண்டை பிடித்துப் பிரிந்தவர்களுக்கு ஒன்று. கிழக்கு மாகாணத்து ஆட்கள் நாங்கள் கொஞ்சப் பேர். மட்டக்களப்பு வாவியின் ஒரு கரையிலிருந்து வந்த சில குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஒன்றியம் வைத்திருக்கிறோம். பூபாலபிள்ளை அண்ணன் தலைவர். நான் செயலாளர். செயலாளருக்கு உள்ள ஒரே உருப்படியான வேலை மரண அறிவித்தல் எழுதுவது.

அந்த அறிவித்தலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அதன்பின் யாருடைய மகன், யாருடைய கணவர், யாருடைய தகப்பன், யாருடைய சகோதரன் என்று உறவுகள் வரும். எழுதி வாட்ஸப் குழுவில் போட்டால் போதும். அறிவித்தலைப் பார்த்தவர் செத்த வீட்டுக்குப் போகாமல் இருக்கமாட்டார். பனி கொட்டினாலும் போவார். போகாவிட்டால் பத்து வருடத்துக்குச் சொல்லிக்காட்டுவார்கள்.

எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. எங்களுக்குக் குடி, அதாவது வம்சம், தாய்வழி. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போவான். பிள்ளைகள் தாயின் குடி. கோயிலில் உரிமை கேட்டு நின்றால் தாய் யார், தாயின் தாய் யார் என்றுதான் விசாரிப்பார்கள். தகப்பன் எந்த ஊரிலிருந்தும் வந்திருக்கலாம். அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. இது எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்த விஷயம் இல்லை. பசித்தால் சோறு என்பதுபோலத் தானாகத் தெரிந்த ஒன்று.

மலர் கேட்டது

சீனத் தெருவிலிருந்து வீட்டுக்கு வந்து, நடந்ததை என் மனைவி மலரிடம் கொஞ்சம் அலங்காரம் சேர்த்தே சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜான்-டலோன் சந்தையில் காலையில் வாங்கியது. சென் அண்ணன் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி சாப்பிட வருவார். வரும்போது தன் தாய் செய்வதுபோல உலர்த்திய கறுத்த கீரையில் ஒரு கறி சமைத்துக் கொண்டுவருவார். மலருக்கும் அவருக்கும் சமையலில்தான் பேச்சு.

சாவ்சிங் என்று சொன்னதும் மலரின் கை நின்றது.

"இஞ்சப் பாருங்க, அந்தக் கீரைக்கறிர ஊரோ? அது அவர்ர அம்மாட ஊரெல்லோ."

ஓம், அதுதானே ஊர் என்றேன்.

அவள் கீரையை ஒதுக்கி வைத்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவர்ர தாத்தாட பெட்டி எந்த ஊருக்குக் கப்பலேறினது?"

பெட்டி போனது நிங்போவுக்கு. தாத்தாவின் ஊர், தகப்பனின் ஊர், சென் அண்ணன் எல்லாப் படிவத்திலும் எழுதிய ஊர் நிங்போ. அவர்களுக்கு ஊர் தகப்பன் வழி. அந்த மனிதர் இருபத்தொரு வருடம் எனக்கு எதிரே இருந்து இதை விளக்கிச் சொல்லியிருக்கிறார். நானும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டிருக்கிறேன். கேட்டதையெல்லாம் எங்கள் ஊர்க் கணக்குக்கு மாற்றி மனதில் வைத்திருக்கிறேன். தாயின் ஊரைப் பிள்ளையின் ஊராக்கி, அதைக் கல்லில் வெட்டவும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

செத்துப்போன மனிதருக்குச் செய்த பிழை. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்கவும் முடியாது. மலர் என் குளிரங்கியை எடுத்துக் கொண்டுவந்து கையில் தந்தாள்.

இரண்டாவது தாள்

யிங் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறாள். பனி கரைந்து நடைபாதையெல்லாம் சேறு. படியேறும் மட்டும் எப்படிச் சொல்வது என்று பிரெஞ்சில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, பிழை விட்டுவிட்டேன் என்றேன்.

முழுவதையும் கேட்டாள். கோபப்படவில்லை. எது உண்மையான ஊர் என்று கேட்டாள். உங்கள் கணக்கில் நிங்போ, எங்கள் கணக்கில் சாவ்சிங் என்றேன். அப்பா எந்த ஊரைச் சொல்லும்போது சிரிப்பார் என்று அடுத்தபடி கேட்டாள். நான் காலால் தோணி வலித்த கதையைச் சொன்னேன். அவளுக்கு அது தெரியாது. அவளிடம் அவர் ஊர்க்கதை எதுவும் சொன்னதில்லையாம். பிள்ளைக்கு ஏன் இந்தச் சுமை என்று நினைத்திருப்பார். அல்லது அவளே கேட்காமல் இருந்திருப்பாள். எங்கள் வீட்டிலும் என் மகன் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

யிங், நிங்போ என்றே இருக்கட்டும் என்றாள். அப்பா வாழ்நாள் முழுக்கத் தன் கையால் எழுதியது அது, தான் அதைத் திருத்தக்கூடாது என்றாள்.

நாங்கள் இருவரும் திரும்பவும் அந்தச் சங்கத்துப் படி ஏறினோம். பெரியவரிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. தாய்வழியாக ஊர் சொல்கிற ஆட்களும் இருக்கிறார்களா என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டார். இருக்கிறோம் என்றேன். பிறகு புதுத் தாள் ஒன்றை எடுத்து விரித்தார். அவர் எழுதி முடிக்கும் வரை நான் கண்ணை எடுக்கவில்லை. இனி ஒரு பிழைக்கும் இடம் கொடுப்பதில்லை என்று அந்த இரண்டு எழுத்துகளையும் ஒவ்வொரு கோடாக மனப்பாடம் செய்தேன்.

பழைய தாளை என்ன செய்வது என்று பெரியவர் கேட்டார். யிங் அதைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அடக்கத்தன்று அது அவருடைய கைக்குக் கீழே பெட்டிக்குள் இருந்ததைக் கண்டேன்.

படி இறங்கும்போதுதான் அவள் மனதில் கிடந்ததைச் சொன்னாள்.

"ஊர் கிடைத்துவிட்டது, மொனோங்க். ஆனால் ஊர்க்காரர் என்று ஒருவர்கூட வரப்போவதில்லை."

எண்ணிப் பார்த்திருக்கிறாள். அவள், அவளோடு வேலை செய்கிற இரண்டு பெண்கள், நான், மலர். மொத்தம் ஐந்து பேர். பெட்டி தூக்கவே ஆறு பேர் வேண்டும்.

கோழி சுட்டவர்

வீட்டுக்கு வந்ததும் அறிவித்தல் எழுத உட்கார்ந்தேன். வேறு என்ன எனக்குத் தெரியும்?

'சீனா நிங்போவைப் பூர்வீகமாகவும், சாவ்சிங்கைத் தாய்வழி ஊராகவும், ஷாங்காயைப் பிறப்பிடமாகவும், கனடா மொன்றியலை வதிவிடமாகவும் கொண்ட சென் வெய்மின் அவர்கள் காலமானார்' என்று தொடங்கினேன். கல்லில் இடம் கிடைக்காத தாயின் ஊருக்கு எங்கள் அறிவித்தலில் இடம் இருந்தது. அதை எழுதும்போது மனது கொஞ்சம் ஆறியது. யிங்கின் அன்புத் தந்தையும் என்று எழுதினேன். அடுத்தது சகோதரர்களின் இடம். அவருக்கு உடன்பிறப்பு இல்லை. என் பெயரைப் போட்டேன்.

குழுவில் போடுவதற்கு முன் தலைவருக்குக் காட்டவேண்டும் என்பது விதி. அனுப்பிய சில நிமிடங்களில் பூபாலபிள்ளை அண்ணன் தொலைபேசியில் எடுத்தார். விதி என்றால் உயிரை விடுகிற மனிதர்.

"தம்பி, ஆளை நம்மட குழுவில போட ஏலாதே. நம்மட ஊராள் இல்லையே."

அவருக்கு இங்கே ஊராட்கள் இல்லை என்றேன். அதற்கு நாம் என்ன செய்வது, நாளைக்கு ஆளாளுக்குத் தங்கள் கூட்டாளிகளின் அறிவித்தலைக் கொண்டுவருவார்கள் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. பெட்டி தூக்கவே ஆறு பேர் வேண்டும், ஐந்து பேர்தான் இருக்கிறோம் என்றேன்.

அவர், ஆள் யார், தனக்குத் தெரிந்தவரா என்று கேட்டார். ஒவ்வொரு கோடையிலும் நாங்கள் பூங்காவில் வைக்கும் ஒன்றுகூடலுக்கு என்னோடு வருவாரே, அடுப்புக்குப் பக்கத்தில் தொப்பியோடு நிற்பாரே என்றேன்.

"கோழி சுட்டவரோ?"

ஓம் என்றேன்.

"அந்த மனிசனோ மனே. எல்லாருக்கும் சுட்டுப்போட்டு, மறுகா தான் வெறும் பாண் திண்டவர்." கடைசியில், "போடு" என்றார்.

வந்தவர்கள்

அடக்க நாள் காலை பத்து மணி. சீனத் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சாவுச் சடங்கு மண்டபம். நானும் மலரும் நேரத்தோடு போய்விட்டோம். சென் அண்ணன் நல்ல மேற்சட்டை போட்டுப் படுத்திருந்தார். தலைமாட்டில் பெயர்த்தாள் தொங்கியது. யிங்கும் அவளோடு வேலை செய்யும் இரண்டு பெண்களும் முன்வரிசையில் இருந்தார்கள். பின்னால் கதிரை எல்லாம் காலி. காலிக் கதிரைகளைப் பார்க்கக்கூடாது என்று யிங் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் ஒரு மேசை போட்டு, சங்கத்துப் பெரியவர் கறுப்பு உடையில் தூரிகையோடு இருந்தார். முன்னால் வருகை ஏடு. வருகிறவரின் பெயருக்கு ஒரு கட்டம், எந்த ஊர்க்காரர் என்பதற்கு ஒரு கட்டம். யாரும் வராததால் மை காய்ந்துவிடாமல் அடிக்கடி தோய்த்துக்கொண்டிருந்தார்.

பத்தேகால் இருக்கும். வெளியே வாகனக் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. பூபாலபிள்ளை அண்ணன் முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் எங்கள் ஆட்கள். பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து ஒரு வான், கோட்-டே-நேஜிலிருந்து இரண்டு கார். பெண்கள் குளிரங்கிக்குக் கீழே வெள்ளைச் சேலை தெரிய, பனிச்சப்பாத்தோடு வந்தார்கள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள் பலர். சிலர் இரவு வேலை முடித்து நித்திரை இல்லாமல் வந்திருந்தார்கள். என்னோடும் மலரோடும் சேர்த்துப் பதினேழு பேர். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

ஏட்டில் எழுதாமல் உள்ளே போகக்கூடாதாம். வரிசையாக நின்றோம். ஏடு வைக்குமுன்பே உள்ளே போயிருந்த நானும் மலரும் வந்து வரிசையில் சேர்ந்துகொண்டோம். பெரியவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். தலைவர் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்ல, அதை எப்படியோ சீனத்தில் எழுதிவிட்டார். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் தூரிகை நின்றது. என்னைப் பார்த்து, இவர்கள் எந்த ஊர்க்காரர் என்று கேட்டார்.

இலங்கை, அதில் மட்டக்களப்பு, அதில் வாவிக்கு மேற்குப் பக்கம் என்று நான் தொடங்கினேன். அவர் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். அது இரண்டு எழுத்துக்கான இடம்.

யிங் எழுந்து வந்தாள். காலியாக இருந்த கதிரைகளையும், வாசல் தாண்டி நீண்டு நின்ற எங்களையும் பார்த்தாள். பெரியவரின் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"இவர்கள் அப்பாவின் ஊர்க்காரர்."

பெரியவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். தூரிகையைத் தோய்த்து, நிதானமாக, தலைவரின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்துகள் எழுதினார். எனக்குச் சீனம் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த இரண்டையும் கோடு கோடாகத் தெரியும். நிங்போ.

அடுத்த வரியிலும் அதையே எழுதினார். அதற்கடுத்த வரியிலும். மலரின் பெயருக்கும் என் பெயருக்கும் பக்கத்திலும் அதையே எழுதினார். பதினேழு வரி. ஒரு கையசைவும் அவசரப்படவில்லை.

உள்ளே போகும்போது பூபாலபிள்ளை அண்ணன் என் காதோடு கேட்டார்.

"என்ன தம்பி, நமக்கு நேரே என்னவோ எழுதினாரே, என்ன அது?"

"நம்மட ஊரைத்தான் அண்ணன்" என்றேன்.